மோட்டாரோடு போன பாட்டு

அட்டைப் பெட்டியைத் திறந்து மேசைமேல் வைத்தேன். உள்ளே இருந்த இரண்டு ஷூவும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு படுத்திருந்தன.

இரண்டும் இடது கால். ஒரே அளவு, ஒரே கறுப்பு, ஒரே தையல். தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஜோடியாக வைத்தால் யாருக்கும் உதவாது.

செய்யாறு தொழிற்பேட்டையில் ஷூ செய்கிற கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கிற வேலை எனக்கு. அந்தப் பெட்டி கடையிலிருந்து திரும்பி வந்தது. பேக்கிங் பிரிவைக் கவனிக்கும் தேவகி அதை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"சார், இதுல ரெண்டு லெஃப்ட் இருந்தா, எங்கியோ ஒரு பெட்டியில ரெண்டு ரைட் இருந்தே ஆவணும். அதை ஜல்தியா தேடுங்க. இல்லன்னா அதுவும் ஒரு கம்ப்ளெயின்ட்டா திரும்பி வரும்."

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். நான் மட்டும் கையில் ஒரு இடது ஷூவோடு அப்படியே நின்றேன். எனக்கு நினைவு வந்தது ஷூ அல்ல. என் வீட்டு பீரோ மேல்தட்டில் பல வருடங்களாகக் கிடக்கும் ஒரு டிவிடி.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் பிடிப்பதைப் பற்றி எழுதியதற்கு, "ஷூ கம்பெனிக்காரர் ஷூவைப் பற்றி மட்டும் எழுத மாட்டேன் என்கிறாரே" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். இந்த வாரம் ஷூவில் தொடங்கிவிட்டேன் அம்மா. ஆனால் அதோடு சரி. இனிமேல் ஷூ வராது.

கிணற்றடியில் ஒரு வணக்கம்

டிவிடி பிளேயர் வீட்டுக்கு வீடு வந்துவிட்டிருந்த காலம் அது. ஆரணியில் எங்கள் ஆலயத்துப் பாடகர் குழு, கிறிஸ்துமஸ் கீத ஆராதனையை வீடியோ எடுத்து டிஸ்காகப் போடுவது என்று முடிவு செய்தது.

கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகக் காப்பி எடுத்த டிஸ்க் அல்ல. சென்னைக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் அச்சு செய்து, தோசை வார்ப்பதுபோல வரிசையாக வார்த்தெடுத்தவை. மேலே நட்சத்திரப் படம். உறையில் பாடகர் குழு வெள்ளைப் புடவையும் நீல பார்டருமாக வரிசையாக நிற்கிறது. பெட்டி பெட்டியாக வந்து இறங்கியபோது புதுப் பிளாஸ்டிக் வாசனை கூடம் முழுக்க அடித்தது.

வெளியீட்டு விழாவுக்கு ஊரே வந்தது. நெசவுத் தெருவிலிருந்து எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். போதகர் ஜெபம் செய்து முடித்தார். விளக்கை அணைத்தார்கள். பெரிய டிவியில் நீலத் திரை வந்தது. எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

திரையில் ஒரு கிணறு வந்தது.

கிணற்றுக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் கைகூப்பி நின்றார். "விவசாயப் பெருமக்களே, வணக்கம்! உங்கள் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. ஆனால் அது மேலே வருகிறதா?"

அந்த டிஸ்கை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டார்கள். மறுபடியும் கிணறு. இன்னொரு பெட்டியைப் பிரித்து எடுத்துப் போட்டார்கள். "விவசாயப் பெருமக்களே, வணக்கம்!"

"ஐயா, ஞானஸ்நானத் தொட்டிக்கு ஒரு மோட்டார் வேணும்னு சொல்லிகினு இருந்தீங்களே" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கூடமே வெடித்துச் சிரித்தது. போதகரும் சிரித்தார்.

சிரிக்காதவள் என் அக்கா எஸ்தர் மட்டும்தான். மடியில் தூங்கிய குழந்தையைத் தட்டிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஆராதனையில் தனியாகப் பாடியவள் அவள்.

தொழிற்சாலையில் விசாரித்தபோது தெரிந்தது, அன்று அங்கே இரண்டு வேலை ஓடியிருக்கிறது. ஒன்று எங்களுடையது. மற்றது ஒரு தண்ணீர் மோட்டார் கம்பெனியின் விளம்பர டிஸ்க். வார்த்து முடித்து மேல்படம் அச்சடிக்கக் கொண்டுபோகும்போது அடுக்கு மாறிவிட்டது. மோட்டார்க்காரரின் டிஸ்க்குமேல் எங்கள் நட்சத்திரம் விழுந்திருக்கிறது.

"டேப்பை அனுப்புங்கள், வேறு அடித்துத் தருகிறோம்" என்றார்கள். டேப் இருந்தால்தானே? வீடியோ எடுத்தவர் அதே டேப்பில் ஒரு கலியாணத்தை எடுத்து முடித்திருந்தார். வேலை முடிந்த டேப்பில் அடுத்த வேலையை எடுப்பதுதான் அப்போதைய வழக்கம். தொழிற்சாலையில் அச்சையும் அழித்துவிட்டிருந்தார்கள்.

பெட்டிகளைத் திருப்பி அனுப்பினோம். எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. தப்பான சரக்கு மொத்தமும் திரும்பிப் போனாலும் மாதிரிக்கு ஒன்றை எடுத்து வைப்போம். அப்படி நான் வைத்துக்கொண்டதுதான் பீரோ மேல்தட்டு டிஸ்க்.

நமக்கு வந்தது தப்பு என்பதோடு எல்லார் கோபமும் முடிந்துவிட்டது. அவர்களுடையது நம்மிடம் இருந்தால் நம்முடையது யாரிடம் இருக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. தரம் பார்ப்பதையே தொழிலாக வைத்திருக்கும் நானும் கேட்கவில்லை. அதைக் கேட்க இரண்டு இடது ஷூ வர வேண்டியிருந்தது.

கேட்காதவள் ஒருத்தி

அந்த விழா நடந்த மறு வருடம் அக்காவுக்குத் தைராய்டு கட்டிக்கு அறுவை சிகிச்சை நடந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை. குரல் மட்டும் போய்விட்டது. போய்விட்டது என்றால் பேச்சு நிற்கவில்லை. மரப்பெட்டியைத் தரையில் இழுப்பதுபோல ஒரு கரகரப்பு அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. அவள் பாடம் நடத்தும் பள்ளியில் பிள்ளைகள் அவளுக்குக் கரகர டீச்சர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவளுக்கும் அது தெரியும்.

முன்பு அவள் பாடும்போது முகத்தில் சிரமமே தெரியாது. மாடிப்படியில் பேசிக்கொண்டே ஏறிப் போகிறவள் மாதிரி மேல் ஸ்தாயிக்குப் போவாள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஆலயத்தில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து கையில் வைத்துக்கொள்வாள். வாய் மட்டும் திறக்க மாட்டாள்.

அன்று மடியில் தூங்கிய குழந்தைதான் பியூலா. இப்போது ஒரு பட்டுக் கடையில் கம்ப்யூட்டரில் புடவை டிசைன் போடுகிறாள். கலியாணம் நிச்சயமாகி ஒரு மாதம்கூட மீதி இல்லாத நேரம். அவளுக்கு ஒரே ஓர் ஆசை. அம்மாவின் பாட்டைக் கேட்டுக்கொண்டே ஆலயத்துக்குள் நடந்து போக வேண்டும்.

"மாமா, ஊர்ல பாக்கறவங்க எல்லாம் உங்க அம்மா பாட்டைப் பத்தி சொல்றாங்க. அதைக் கேக்காதவ நான் ஒருத்திதான்" என்று என்னிடம் ஒரு நாள் சொன்னாள்.

அக்கா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். "இல்லாததுக்கு ஏன்டி அலையற? இருக்கற குரல்லதான தெனமும் உன்னை எழுப்பறேன். அது போதும்."

"உன் கொரல்ல நான் மட்டுமா எழுந்துக்கறேன்? தெருவே எழுந்துக்குது."

"அப்பறம் இன்னா?"

இப்படித்தான் அந்தப் பேச்சு எப்போதும் சிரிப்பில் முடியும். சிரித்த பிறகு பியூலா செல்போனை எடுத்து வேறு கலியாணப் பாட்டு தேடுவாள். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

யாரும் பார்க்காத கடைசிப் பகுதி

அந்தப் பெட்டி திரும்பி வந்த அன்று கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, என் வீட்டுக்குப் போய்விட்டு உடனே அக்கா வீட்டுக்குப் போனேன். கையில் பீரோ டிஸ்க். டிவிடி பிளேயர் பக்கத்து வீட்டு ஏகாம்பரத்திடம் இருந்தது. நான்கு விசைத்தறி ஓட்டுகிறவர். எந்தப் பொருளையும் தூக்கிப் போட மனசு வராதவர். பரணிலிருந்து தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார்.

"கெணத்துப் படம் பாக்கப் போறீங்களா சார்? அதான் அன்னிக்கே பாத்தோமே!"

"முழுசா பாக்கலியே" என்றேன்.

உண்மையில் அந்த டிஸ்கை எங்களில் ஒருவரும் வணக்கத்துக்கு மேல் பார்த்ததில்லை. பியூலாவும் நானும் உட்கார்ந்து பார்த்தோம். கிணறு, குழாய், வயலில் பாயும் தண்ணீர், சிரிக்கும் ஒரு குடும்பம். கடைசியில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஊர்ப் பெயர்கள் மேலேறிப் போயின. உங்கள் அருகிலுள்ள விற்பனையாளர்கள்.

பியூலா கத்திய கத்தலில் தறிச் சத்தத்தையும் மீறி ஏகாம்பரம் எட்டிப் பார்த்தார்.

"சந்தவாசல்! மாமா, சந்தவாசல்! இங்க கிட்டதான்! அந்த மோட்டார்க் கடைக்கு நம்ம டிஸ்கு போயிருக்கும்!"

அக்கா மட்டும் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே, "பைத்தியம் ரெண்டும் ஒண்ணா சேந்துகினுது" என்றாள்.

நான் டிஸ்கை வெளியே எடுத்தேன். வார்த்தெடுத்த டிஸ்கில் நடுத்துளையைச் சுற்றிக் கண்ணாடி மாதிரி ஒரு வளையம் இருக்கும். அதில் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். மேல்படம் அச்சடிக்கும்போது மாறலாம். இந்த எண் அச்சிலேயே இருப்பதால் மாறாது. வேலையில் தையல் பார்க்கிற பூதக்கண்ணாடியை வைத்து அந்த எண்ணைப் படித்து மனப்பாடம் செய்தேன். சந்தவாசலில் மோட்டார் படம் போட்ட ஒரு டிஸ்க் கிடைத்து, அதில் எண் வேறாக இருந்தால் அதற்குள் அக்கா இருக்கிறாள்.

ஸ்விட்சுக்கு முன்னால் ஜெபம்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு பியூலாவை பைக்கில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் அவள் என் தோளைத் தட்டி, "வேகமா போங்க மாமா" என்றபடி வந்தாள். நான் வேகமாகப் போகிறவன் அல்ல. அன்று போனேன்.

கடை இருந்தது! பெயர்ப் பலகை மாறியிருந்தாலும் கடைக்காரர் பழையவரேதான், கன்னியப்பன் என்று பெயர். நீல பிளாஸ்டிக் குழாய்களுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். டிஸ்க் என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அந்த டிஸ்கா? அய்யோ, அது பெரிய பேஜாருங்க! மோட்டார் வாங்கனவங்க ஒருத்தர் மாத்தி ஒருத்தர் வந்துகினே இருந்தாங்க. 'அண்ணே, ஸ்விட்ச் போடறதுக்கு முன்னாடி ஜெபம் பண்ணணுமா'ன்னு ஒருத்தன் கேக்கறான். எங்க மாமனாரு வந்து, 'இன்னாபா, ரேணுகாம்பாளை வுட்டுட்டியா'ன்னு என்னையே புடிச்சுகினாரு."

"பாட்டுதான வந்துச்சு?" பியூலா என் சட்டைக் கையைப் பிடித்து முறுக்கினாள். "பாட்டுதானங்க?"

"பாட்டுதாம்மா. வெள்ளைப் பொடவை கட்டிகினு வரிசையா நின்னுகினு."

நானும் பியூலாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அத்தனை வருடங்கள் கழித்து, எங்கள் ஆராதனையை டிஸ்கில் பார்த்த ஒரு மனிதர் எங்கள் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"மிச்சம் ஏதாவது இருக்குங்களா?" என்றேன்.

"ஏது? கம்பெனிக்கு போன் போட்டேன். தூக்கிப் போடுன்னாங்க. அப்ப படவேட்டுல சரசம்மா, கொய்யாத் தோப்புல கிளி வுட மாட்டேங்குதுன்னு பொலம்பிகினு இருந்தாங்க. மூட்டையோட குடுத்துட்டேன், கட்டித் தொங்கவுடுங்கன்னு."

மரத்துக்கு மரம்

படவேட்டில் ரேணுகாம்பாள் கோயிலைத் தாண்டி, ஜவ்வாது மலை கைக்கெட்டும் தூரத்தில் தெரியும் இடத்தில் அந்தத் தோப்பு. அதைத் தேடவே தேவைப்படவில்லை. சாய்ந்த வெயிலில் தூரத்திலிருந்தே பளிச் பளிச் என்று கண்ணில் அடித்தது.

கொய்யா மரங்களில் நைலான் கயிற்றில் டிஸ்குகள் தொங்கிக்கொண்டிருந்தன. காற்று வரும்போது எல்லாம் ஒன்றாகத் திரும்பின. பியூலா வேலியோரம் நின்றுவிட்டாள். "மாமா, எல்லாத்துலயும் அம்மா" என்றாள். மரத்துக்கு மரம் அக்கா சுழன்றுகொண்டிருந்தாள்.

ஓடிப்போய் முதல் டிஸ்கைக் கையில் பிடித்தேன். மோட்டார் படம் வெளுத்து நிழலாக இருந்தது. பூதக்கண்ணாடியை வைத்தேன். வளையத்து எண்ணின் கடைசி இலக்கம் வேறு.

வேறு! நான் பூதக்கண்ணாடியை உயர்த்திக் காட்டியதும் பியூலா அங்கேயே குதித்தாள்.

அடுத்த நொடியில் கண் மற்றதைப் பார்த்துவிட்டது. டிவிடி என்பது ஒட்டிவைத்த இரண்டு மெல்லிய தட்டு. பாட்டும் படமும் நடுவிலிருக்கும் வெள்ளிப் பூச்சில்தான் இருக்கின்றன. ஓரத்தில் பசை சரியாகப் பிடிக்காவிட்டால் ஈரம் உள்ளே நுழைந்துவிடும். இவற்றில் பசை பிடிக்கவே இல்லை. அடுக்கு மாற்றிய அதே தொழிற்சாலை, ஒட்டுவதிலும் கோட்டை விட்டிருந்தது. வெள்ளி உரிந்து, சில டிஸ்குகள் கண்ணாடித் தட்டுபோல ஆகியிருந்தன. அவற்றின் வழியாக மலை தெரிந்தது. மரத்துக்கு மரம் ஓடிப் பார்த்தேன். ஒன்றிலும் உயிர் இல்லை.

பியூலா வேலியை விட்டு உள்ளே வந்தாள். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

அப்போதுதான் தோப்பின் கடைசியிலிருந்த மாட்டுக் கொட்டகையிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. பால் செம்பில் விழும் சத்தத்துக்கு நடுவில், அவசரமில்லாமல், கட்டைக் குரலில்:

"மாட்டுத் தொழுவத்துக் காற்றே... மெல்ல வா... மெல்ல வா... மெல்ல வா... மகன் தூங்கட்டும்..."

கையிலிருந்த டிஸ்கை விட்டேன். அது எங்கள் குழுவின் ஆர்மோனியக்காரர் எழுதிய தாலாட்டு. வேறு எந்த ஆலயத்திலும் கிடையாது. அக்கா பாடியது. சரணத்தில் அவள் இழுக்கும் இழுப்பு, கடைசிச் சொல்லைப் பாதியில் விட்டு எடுக்கும் மூச்சு, எல்லாம் அப்படியே இருந்தன. ஒன்று மட்டும் வேறு. எங்கள் பாட்டில் 'மெல்ல வா' ஒரு தடவைதான் வரும்.

"இதுதானா?" என்றாள் பியூலா. பாட்டை அவள் அதுவரை கேட்டதில்லையே.

தலையை மட்டும் ஆட்டினேன்.

மாட்டுப் பாட்டு

சரசம்மா செம்போடு வெளியே வந்து எங்களைப் பார்த்தார். ஐம்பதைத் தாண்டிய, உயரமான பெண்மணி. வந்த விஷயத்தைச் சொன்னதும் செம்பைக் கீழே வைத்துவிட்டார்.

"அது மாட்டுப் பாட்டு இல்லியா? மோட்டாரோட குடுத்தாங்க. மாட்டுத் தொழுவம்னு வருது. காத்தே மெல்ல வான்னு வருது. நான் கறக்கும்போது பாடறதுக்குன்னு நெனச்சுகினேன். இந்தப் பாட்டு இல்லன்னா எங்க லட்சுமி காலால எத்தும்."

பியூலாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "அது எங்க அம்மா பாட்டுங்க."

"அப்ப நடுவுல நிக்கற பொண்ணு, சின்னதா மூக்குத்தி மாதிரி மச்சம் வெச்சுகினு..."

"அதுதாங்க!"

"பாடும்போது சிரிக்குமே, அதுவா உங்க அம்மா?" சரசம்மா பியூலாவின் முகவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "ஆமா. சிரிப்பு அதேதான்."

நான் மெல்லக் கேட்டேன். "தோப்புல இருக்கறது எல்லாம் கெட்டுப்போச்சுங்க. வேற..."

"அதெல்லாம் கிளிக்குங்க. எனக்குன்னு ஒண்ணு வெச்சிருக்கேன் இல்ல?"

உள்ளே போய், டிவி அலமாரியிலிருந்து பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஒரு டிஸ்கை எடுத்து வந்தார். மோட்டார் படம் புதுசு மாதிரி சிவப்பாக இருந்தது. வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். ஓரத்தில் மெல்லிய பழுப்பு ஏறியிருந்ததே தவிர, வெள்ளிப் பூச்சு முழுதாக இருந்தது. ஒரே ஓர் இடத்தில் ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் ஊடுருவியது. பூச்சு போடும்போதே ஒரு தூசி விழுந்திருக்க வேண்டும்.

"அங்கதான் நிக்கும்" என்றார் சரசம்மா. "மெல்ல வா, மெல்ல வான்னு மூணு தபா சொல்லும். பதறிகினு பட்டனை அமுக்காதீங்க. தானா போவும்."

மூன்று 'மெல்ல வா' எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பியூலா தன் கலியாணத்துக்கு அங்கேயே அவரை அழைத்துவிட்டாள்.

தறி நின்ற பத்து நிமிடம்

அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் முதலில் ஏகாம்பரத்திடம் போனேன். நான்கு விசைத்தறி ஓடும்போது அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் எந்தப் பாட்டும் எடுபடாது.

"பத்து நிமிஷம் நிறுத்த முடியுங்களா?"

"டிஸ்கு கெடச்சிருச்சா?" கேட்டுக்கொண்டே ஒவ்வொரு தறியாக நிறுத்தினார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு அவரும் வந்து உட்கார்ந்தார்.

தறி நின்றதும் தெருவே காது அடைத்ததுபோல ஆகிவிட்டது. அக்கா சமையலறையைவிட்டு வரவில்லை. பாத்திரம் கழுவும் சத்தம் வேண்டுமென்றே பெரிதாகக் கேட்டது.

டிஸ்க் உள்ளே போனது. பிளேயர் கரகரவென்று சுற்றியது. நீலத் திரை. மறுபடியும் கிணறு வந்துவிடுமோ என்று ஒரு கணம் தோன்றியது.

வெள்ளைப் புடவைகள் வந்தன. பியூலா வாயைப் பொத்திக்கொண்டாள். நடுவில் அக்கா, இன்றைய பியூலாவின் வயதில்.

அவள் பாடத் தொடங்கினாள். நான் நினைவில் வைத்திருந்ததைவிட நன்றாகப் பாடினாள். இதை எழுதும்போதும் எனக்கு அது ஆச்சரியம்தான். வருடம் போகப்போக நாம் எதையும் கொஞ்சம் கூட்டித்தானே நினைவு வைத்திருப்போம்? இந்தக் குரலை நான் குறைத்து வைத்திருந்திருக்கிறேன்.

சமையலறையில் குழாய் நின்றது.

'மெல்ல வா' வந்தது. படம் ஒரு துள்ளு துள்ளியது. மறுபடி 'மெல்ல வா'. என் கை தானாக ரிமோட்டுக்குப் போனது. பியூலா பட்டென்று ஓர் அடி கொடுத்தாள். "மாமா, கையை எடுங்க!"

"இழை அறுந்துடுச்சா?" என்று ஏகாம்பரம் கிசுகிசுத்தார்.

மூன்றாவது 'மெல்ல வா'. பிறகு, சரசம்மா சொன்னதுபோலவே, தானாகப் போனது. 'மகன் தூங்கட்டும்.'

பாட்டு முடியும் வரைக்கும் பியூலா திரையைப் பாதி, சமையலறை வாசலைப் பாதி பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் அக்கா நின்றிருந்தாள். கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னொரு தபா போடு" என்றாள்.

அன்று ஏகாம்பரத்தின் தறிகள் பத்து நிமிடத்தில் ஓடத் தொடங்கவில்லை.

மூன்று தடவை

கடைத்தெருவில் ஒருவர் பாட்டை டிஸ்கிலிருந்து எடுத்துப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். "நடுவுல ரிப்பீட் ஆவுதே, ரெண்டை வெட்டிடட்டா? சுத்தமா ஆயிடும்" என்றார்.

பியூலா யோசிக்கவே இல்லை. "வேணாம்ணா. நான் மொதல்ல கேட்டது அப்படித்தான்."

குறையைக் கண்டால் எடுத்துப் போடுவது என் தொழில். அந்தப் பென் டிரைவை அப்படியே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

கலியாணத்தன்று சரசம்மா மூன்று சீப்பு வாழைப்பழத்தோடு முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். முன்னால் வந்து உட்காரச் சொன்னதற்கு, "எனக்கு உங்க முறை தெரியாதுங்க" என்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

ஆலய வாசலில் பியூலா, ஏகாம்பரம் வீட்டுத் தறியில் நெய்த சந்தன நிறப் பட்டில் நின்றாள். பக்கத்தில் அவள் அப்பா, என் அத்தான். ஒலிபெருக்கியில் அக்காவின் குரல் எழுந்தது. பழைய பாடகர் குழுக்காரர்கள் சட்டென்று நிமிர்ந்தார்கள். ஒருவர் கண்ணாடியைக் கழற்றினார். முன் பெஞ்சில் அக்கா வழக்கம்போலப் புத்தகத்தைத் திறந்து, வாயை மூடி நின்றாள்.

பியூலா பாதி தூரம் வந்தபோது அந்த வரி வந்தது.

"மெல்ல வா..."

மறுபடி, "மெல்ல வா..."

மைக் செட்காரர் பாய்ந்து ஒயரைப் பிடித்தார். சனம் திரும்பிப் பார்த்தது. போதகர் புருவத்தை உயர்த்தினார். கடைசி பெஞ்சிலிருந்து சரசம்மா, பால் கறக்கும்போது பாடுகிற அதே கட்டைக் குரலில், கொஞ்சமும் கூச்சமில்லாமல் சேர்ந்துகொண்டார்.

"மெல்ல வா..."

பியூலா நடுவழியில் நின்று வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

எனக்குப் பக்கத்தில் ஏதோ உராய்வதுபோல ஒரு சத்தம் கேட்டது. திரும்பினேன். அக்கா. புத்தகத்தை மூடியிருந்தாள். அடுத்த வரியை, ஒலிபெருக்கியில் அவளே இளம் குரலில் பாடிக்கொண்டிருந்த வரியை, கரகரவென்று அதோடு சேர்ந்து பாடினாள். "மகன் தூங்கட்டும்."

கடைசிச் சொல் வரைக்கும் நிறுத்தவில்லை.

விருந்து முடிந்து, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சரசம்மா கிளம்பினார். அக்கா அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"நான் சொன்னேன் இல்ல, தானா போவும்னு?" என்றார் சரசம்மா. "ஒரு நாளு தோட்டத்துக்கு வாம்மா. லட்சுமிக்கு ஒரே பாட்டு கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு. புதுசா ஒண்ணு பாடு."

"இந்தக் கொரலுக்கு மாடு மெரளும்."

"மொதல்ல மெரளும். அப்பறம் பழகிக்கும்."

படவேட்டுக்கு பஸ் குறைவு. ஞாயிற்றுக்கிழமை இன்னும் குறைவு. அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்து அவளைப் படவேட்டுக்குக் கூட்டிப்போக நான் பஸ் நிலையத்துக்குப் போனபோது, அக்கா எனக்கு முன்பே வந்து நின்றிருந்தாள். கையில் பாட்டுப் புத்தகம்.